இருந்தாலும் ஆயிரம் பொன்

விடுமுறைக் காலத்தில் திருகோணமலைக்குச் சென்று திமிங்கிலம் பார்த்து வருவது இன்று நம்நாட்டு நடுத்தர வர்க்கத்தாரிடையே ஒரு வழக்கமாகி வருகின்றது. தெற்கே மிரிஸ்ஸவில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை இதற்குரிய பருவம். தென்மேற்குப் பருவக்காற்று அங்கே கடலைக் குழப்பத் தொடங்கியதும் கிழக்குக் கடல் அமைதியடைகின்றது. பயணிகளும் படகுகளும் விளம்பரப் பலகைகளும் உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் இடம் மாறுகின்றன. சென்ற பாடசாலை விடுமுறையில் ஆசிரியர் சிலர் சேர்ந்து நாமும் சென்றோம். திரும்பி வந்தபின் நண்பர்கள் யாவரும் கேட்டது ஒரே கேள்விதான்: "கண்டீர்களா?" கண்டோம். அதனைக் கண்ட விதத்தில் நம்மையும் கண்டுகொண்டோம். அதைப் பற்றியே இங்கு எழுத முற்படுகின்றோம்.

விடியுமுன்னர் படகேறினோம். கரை பின்வாங்கிச் சுவாமி மலையின் விளிம்பு மட்டும் தெரியும் தூரத்தில் படகோட்டி வேகத்தைக் குறைத்தார். முப்பது வயது மதிக்கத்தக்க மீனவ இளைஞர் அவர். நாம் எதனையும் காணாத இடத்தை அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னர் தொலைவில் வெண்ணிறமான மூச்சு ஒன்று தூண்போல் எழுந்து கலைந்தது. அதன்கீழ் நீலச் சாம்பல் நிற முதுகு ஒன்று முடிவின்றி நீண்டு சென்றது. ஒரு கணம் படகில் எவரும் பேசவில்லை. அந்த ஒரு கணத்துக்காக அப்பயணம் தகும் என்று இப்பொழுதும் கூறுவோம்.

அடுத்த கணத்தில் கூச்சல் தொடங்கிற்று. "கிட்டப் போ, கிட்டப் போ" என்று கைப்பேசிகளை உயர்த்தியபடி எல்லோரும் கத்தினோம். படகோட்டி அமைதியாகச் சொன்னார்: "சேர், அது மூச்செடுக்க வந்திருக்கு. கிட்டப் போனால் தாண்டு போயிடும். எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு நிண்டால் சிலவேளை அதுவாய் வரும்." நம்முள் ஒருவர், வகுப்பறையில் உபரி உழைப்பைப் பற்றி மாணவருக்கு உணர்ச்சியோடு எடுத்துரைப்பவர், கேட்டார்: "காசு குடுத்தது நிண்டு பாக்கிறதுக்கோ, தம்பி?" படகோட்டி ஒன்றும் சொல்லவில்லை. இயந்திரத்தை முடுக்கினார். அதற்குள் வேறு ஐந்து படகுகளும் நாற்றிசையிலிருந்தும் அவ்விடத்தை நோக்கி விரைந்து வந்தன. பெரிய வாலொன்று உயர்ந்தது, மெல்லத் தாழ்ந்தது. அதன்பின் அன்று அது எழவில்லை.

கரை சேர்ந்தபின் அவரோடு பேசினோம். படகு அவருடையதன்று, கொழும்பிலிருக்கும் ஒருவருடையது. பயணத்துக்கு இவ்வளவு என்று அவருக்குக் கூலி. "திமிங்கிலத்தைக் காட்டாட்டில் முதலாளிக்குப் போன் போகும், சேர். அடுத்த நாள் வேறை ஆள் ஏறுவான்" என்றார். தகப்பன் காலத்தில் இதே கடலில் வலை போடப் 'பாஸ்' எடுக்கவேண்டியிருந்ததையும், நேரம் குறித்துப் போய் நேரம் குறித்து வரவேண்டியிருந்ததையும் சிரித்துக்கொண்டே சொன்னார். தன் கடலில் ஒருகாலத்தில் அனுமதி கேட்டுத் தொழில் செய்தவனின் மகன், இன்று அதே கடலில் தன் அறிவுக்கு மாறாகப் படகு செலுத்துகிறான். அவன் அறிவை மீறும்படி கட்டளையிட்டவர்கள் நாம்.

* * *

இதனைத் தனிமனிதரின் பண்புக் குறைவு என்று கூறி விட்டுவிட நாம் ஆயத்தமாக இல்லை. அப்படகில் இருந்தவர்கள் கொடியவர்களல்லர். மாணவர்க்கு உயிரிரக்கம் கற்பிப்பவர்கள். அவர்களைக் கத்தவைத்தது எது? விலைச்சீட்டு. காட்சி ஒன்று பண்டமாகிப் பணத்துக்கு விற்கப்படுமிடத்து, வாங்கியவன் அதன்மீது உரிமை கொண்டாடுகிறான். குறித்த நேரத்தில், குறித்த தூரத்தில், குறித்த பொருள் அவன் முன் வந்தாகவேண்டும். கடலும் காலமும் உயிரும் அந்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படவில்லையென்றால், கட்டுப்படுத்த வேண்டியவன் படகோட்டி.

இங்கே நமது எதிர்த்தரப்பார் ஒருவர் குறுக்கிடுவார். "திமிங்கிலத்தைப் பார்க்கப் பயணிகள் வருகிறார்கள், அவர்களோடு டொலர் வருகின்றது, டொலர் வருவதனால் நாடு திமிங்கிலத்தைப் பாதுகாக்கும். கொன்று விற்பதிலும் உயிரோடு காட்டுவதே இலாபம்." இவ்வாதம் இன்று சுற்றுலாத்துறையினரிடம் மட்டுமன்றி, நல்லெண்ணம் படைத்த சூழல் ஆர்வலர் பலரிடத்தும் செல்வாக்குப் பெற்றுள்ளது. 2022ஆம் ஆண்டில் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாத நிலையை அடைந்து, எரிபொருளுக்கு மக்கள் வரிசையில் நின்ற பின்னர், டொலர் என்ற சொல்லுக்கு மறுசொல் இல்லாமற் போய்விட்டது.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று நம்மவர் கூறுவர். அப்பழமொழியை யானையின் பெருமைக்குச் சான்றாகவே நாம் இதுவரை கொண்டோம். யானையின் பக்கம் நின்று அதனை ஒருமுறை வாசித்துப் பார்த்தால் அதிலுள்ள கொடுமை விளங்கும். இருப்புக்கும் இறப்புக்கும் ஒரே விலையென்றால், எதைத் தேர்வது என்பது சந்தை நிலவரத்தைப் பொறுத்த விஷயமாகிவிடுகின்றது.

திமிங்கிலத்தின் வரலாறு இதற்குச் சாட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க, பிரித்தானிய வேட்டைக் கப்பல்கள் இந்து சமுத்திரத்தை அலசின. மேற்குலக நகரங்களின் விளக்குகளும், ஆலைகளின் இயந்திரங்களும் திமிங்கில எண்ணெயில் இயங்கின. மண்ணெண்ணெய் வந்ததும் விளக்கின் தேவை குறைந்தது. திமிங்கிலம் தப்பியதா? இல்லை. எண்ணெயைக் கெட்டியாக்கும் இரசாயன முறையைக் கண்டறிந்தபின் அது சவர்க்காரமும் மாஜரினும் ஆயிற்று. அதிலிருந்து பெற்ற கிளிசரின் முதலாம் உலக யுத்தத்தில் வெடிமருந்தாயிற்று. வெடித்தூண்டிலும் ஆலைக் கப்பலும் கைக்கு வந்தபின், 1930-31ஆம் ஆண்டின் ஒரே பருவத்தில் மட்டும் தென்துருவக் கடலில் 29,000க்கும் மேற்பட்ட நீலத் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. அன்று அது எண்ணெய்ப் பீப்பாய்; இன்று அது நிழற்படம். பயன் மாறியிருக்கின்றது; உயிர் மூலப்பொருளாக நிற்கும் நிலை மாறவில்லை.

கொலையையும் காட்சியையும் ஒன்றென்று கூறுகிறோமா? இல்லை. செத்த திமிங்கிலத்துக்கும் உயிருள்ள திமிங்கிலத்துக்கும் வேறுபாடு தெரியாதவர் எவருமிலர். நாம் கூறுவது இதுதான்: இலாபத்தின்மீது கட்டிய பாதுகாப்பு இலாபம் இருக்குமளவும் நிற்கும். அதுமட்டுமன்று, இலாபமே பாதுகாப்பைத் தின்னவும் கூடும். மிரிஸ்ஸவில் நிகழ்ந்ததைப் பாருங்கள். 2009இல் யுத்தம் முடிந்தபின் அங்கே படகுகள் விரைந்து பெருகின. 2012இல் அரசு விதிகளை வகுத்தது. எனினும் ஒரு திமிங்கிலத்தைப் பல படகுகள் சூழ்ந்து துரத்தும் காட்சி, ஆய்வாளரும் பத்திரிகையாளரும் ஆண்டுதோறும் முறையிடும் விஷயமாகவே இருந்துவந்துள்ளது. சட்டம் தூரத்தைக் குறிக்கலாம். கூலி தூரத்தைக் குறைக்கின்றது.

துரத்துவதால் திமிங்கிலத்துக்கு என்ன கேடு என்று வினவுவோருக்கு அதன் வாழ்க்கையைச் சிறிது சொல்ல வேண்டும். வேறு கடல்களின் நீலத் திமிங்கிலங்கள் பல, உணவுக்காகக் குளிர்ந்த கடல்களுக்கும் இனப்பெருக்கத்துக்காகச் சூடான கடல்களுக்கும் நெடும்பயணம் செய்வன. நமது கடலில் காணப்படுவன ஆண்டு முழுவதும் இவ்வெப்பக் கடல்களிலேயே தங்கி இரைதேடுவன. உலகில் வாழும் உயிர்களுள் மிகப் பெரியது இங்கு உண்பது ஆழத்திலுள்ள மிகச் சிறிய இறால் வகையை. அதற்காக மீண்டும் மீண்டும் ஆழத்துக்குத் தாழவேண்டும். மூச்சுக்காக மீண்டும் மீண்டும் மேலே வரவேண்டும். நாம் துரத்திய அந்தச் சில நிமிடங்கள் அதன் ஓய்வு நேரம். உழைக்கும் மனிதனின் ஓய்வு நேரத்தைக் களவாடுவது சுரண்டல் என்று எழுதிவந்த நாம், இன்னோர் உயிரின் மூச்சு நேரத்தைக் காசு கொடுத்துக் களவாடினோம்.

* * *

முதலாளித்துவத்தின்மீது குற்றம் சாட்டியதும் நம் பணி முடிந்தது என்று மகிழும் தோழர்களுக்கு ஒரு கசப்பான உண்மையையும் இங்கு கூறியாக வேண்டும். அதனை மறைத்துவிட்டு எழுதும் எழுத்துக்கு நேர்மை இராது.

1963 தொடக்கம் 1966 வரை சோவியத் வேட்டைக் கப்பற் கூட்டங்கள் வட இந்து சமுத்திரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களைக் கொன்றன. 1966இல் அரபிக் கடலில் இருநூறுக்கும் மேற்பட்ட கூனல் திமிங்கிலங்களைக் கொன்றன. சர்வதேச ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்த அரசு, ஆணைக்குழுவுக்குப் பொய்க் கணக்குக் கொடுத்தது. உண்மைக் கணக்கை ஒளித்துக் காத்த சோவியத் விஞ்ஞானிகளே, அவ்வரசு மறைந்தபின் 1990களில் அதனை உலகுக்கு வெளியிட்டனர். அங்கே தனி முதலாளி இல்லை. பங்கு இலாபம் இல்லை. நிறைவேற்ற வேண்டிய திட்ட இலக்கு இருந்தது. இலக்கை மிஞ்சினால் பரிசு இருந்தது. கொழுப்பை எடுத்துக்கொண்டு எஞ்சிய உடலைக் கடலில் எறிந்த சந்தர்ப்பங்களும் இருந்தன.

இதனை நம் எதிரிகள் எடுத்துக்காட்டும்வரை நாம் காத்திருக்கலாகாது. உடைமை மாறினால் எல்லாம் தாமாகவே சீர்படும் என்று நம்பியவர்களுக்கு இது பாடம். உற்பத்தியின் அளவு ஒன்றையே தெய்வமாக்கி, எண்ணப்படாத அனைத்தையும் கழிவென்று ஒதுக்கும் மனப்பாங்கு எந்தக் கொடியின் கீழும் வளரக்கூடியது. கணக்கை மக்களுக்கு மறைக்கும் அதிகாரம் எங்கே உண்டோ, அங்கே கொலையும் மறைக்கப்படும்.

நம் கூட்டத்தில் இன்னொரு வகையினரும் உளர். "தோட்டத் தொழிலாளிக்கு நாட்கூலி போதவில்லை, மீனவனுக்கு மண்ணெண்ணெய் இல்லை, நீங்கள் திமிங்கிலத்துக்கு அழுகிறீர்களா? இது பூர்ஷுவாக்களின் பொழுதுபோக்கு" என்று இவர்கள் ஏளனம் செய்வர். கேட்பதற்குப் புரட்சிகரமாகத் தோன்றும் இவ்வாதம் உண்மையில் பெரும் பிற்போக்கானது. கடலின் அழகும் கடலைப் பற்றிய அறிவும் வசதி படைத்தோருக்கே உரியவை, உழைப்பவனுக்கு வயிறு மட்டுமே உண்டு என்பதன்றோ இதன் உட்பொருள்? நம் படகோட்டிக்கு வயிறு இருந்தது. அதோடு கடலைப் பற்றிய அறிவும் இருந்தது. இயந்திரத்தை நிறுத்திக் காத்திருக்கும் பொறுமையும் இருந்தது. அவற்றுக்கு விலை இல்லாதிருந்தது. நம் போராட்டம் அவனது கூலிக்காக மட்டும் என்றால், அவனிடமிருந்து பறிக்கப்பட்டவற்றுள் பாதியை நாமே மறந்தவர்களாவோம்.

அறிவு பறிக்கப்படுவது குறித்தும் சொல்லவேண்டும். 1980களின் தொடக்கத்தில் 'துலிப்' என்னும் சிறு கலத்தில் வந்த வெளிநாட்டு ஆய்வாளர் திருகோணமலைக் கடலில் திமிங்கிலங்களை ஆராய்ந்து பதிந்தனர். பின்னர் வந்த யுத்த காலத்தில் அக்கடலில் படகுக்கும் வலைக்கும்கூடத் தடையிருந்தது. 2003இல் இந்நாட்டின் கடலாய்வாளர் ஆஷா டி வோஸ், நம் கடலில் தங்கி உண்ணும் நீலத் திமிங்கிலங்களைத் தம் ஆய்வுப்பொருளாக்கத் தொடங்கினார். வெளியிலிருந்து வந்திறங்கித் தரவைத் திரட்டிக்கொண்டு, உள்ளூராரைப் பயிற்றாது திரும்பிச் செல்லும் முறையை அவர் 'பரசூட் விஞ்ஞானம்' என்று கண்டித்து வருகிறார். கொப்பறாவும் இறப்பரும் ஏற்றுமதியான வழியிலேயே அறிவும் மூலப்பொருளாக ஏற்றுமதியாகின்றது என்பதை இதைவிடத் தெளிவாகக் கூறமுடியாது. நாமோ நம் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு, அவர்கள் கிராமத்துக் கடலில் எவை வாழ்கின்றன என்பதைக் கற்பிக்கத் தமிழில் ஒரு நல்ல நூலைத் தேடி அலைகின்றோம்.

* * *

திமி என்பது ஒரு பெருமீன்; அதனை விழுங்குவது திமிங்கிலம்; அத்திமிங்கிலத்தையும் விழுங்குவது திமிங்கிலகிலம் என்று பழைய நூல்கள் கூறும். கற்பனை என்று நாம் சிரித்த அப்பிராணி இன்று நம் தென்கடலில் உலாவுகின்றது. அதன் பெயர் சரக்குக் கப்பல்.

கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் பெருங்கப்பற் பாதை தேவேந்திரமுனையைக் கடந்து செல்கின்றது. உலகின் மிக நெரிசலான கடற்பாதைகளுள் அது ஒன்று. திமிங்கிலங்கள் இரைதேடும் நீரும் அதுவே. 2012இல் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த கொள்கலன் கப்பலொன்றின் முகப்பில் நீலத் திமிங்கிலமொன்றின் உடல் குறுக்காகச் சிக்கிக் கிடந்தது. கரைக்கு வந்த உடல் என்பதனால் அது கணக்கில் வந்தது. ஆழத்தில் அமிழ்ந்தவை எவர் கணக்கிலும் வரவில்லை. பாதையைச் சுமார் 15 கடல்மைல் தெற்கே நகர்த்தினால் மோதலின் அபாயம் 95 வீதம் குறையும் என 2016இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. 2022இல் உலகின் மிகப்பெரிய கொள்கலன் கப்பற் கம்பனிகளுள் ஒன்றான எம்.எஸ்.சி. தன் கப்பல்களைத் தானாகவே தெற்கே விலக்கிச் செலுத்தப் போவதாக அறிவித்தது. நல்லதே. ஆனால் ஒரு கம்பனியின் விருப்பத்தில் தங்கிய நன்மை அதன் விருப்பத்தோடு மறையக்கூடியது. எல்லாக் கப்பல்களையும் பிணிக்கும் விதியே நமக்கு வேண்டும்.

சிறிய நாடுகளால் இவற்றைச் செய்யமுடியாது என்று கூறுவோர்க்கு ஒரு செய்தி. இந்து சமுத்திரம் முழுவதையும் திமிங்கிலங்களின் சரணாலயமாக்க வேண்டுமென்று சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழுவில் பிரேரித்த நாடு சீஷெல்ஸ். 1976இல் சுதந்திரமடைந்த அச்சின்னஞ்சிறு தீவு, மூன்றே ஆண்டுகளில், 1979இல், தன் பிரேரணையை நிறைவேற்றிக்கொண்டது. வணிக வேட்டையை நிறுத்தும் தீர்மானம் 1982இல் வந்தது. வேட்டைக் கப்பல் ஒன்றும் இல்லாத நாடு வேட்டை வல்லரசுகளுக்கு எதிராக இதனைச் சாதித்ததெனில், இரண்டு பெரும் பருவங்களில் திமிங்கிலம் காட்டிச் சம்பாதிக்கும் நம் நாட்டுக்கு ஒரு கப்பற் பாதையை நகர்த்தக் கோரும் துணிவு வரக்கூடாதா?

* * *

ஆகவே திமிங்கிலம் பார்க்கப் போகாதீர்கள் என்று நாம் பிரசாரம் செய்யவில்லை. போகவேண்டும்; இப்பொழுது போவோரிலும் அதிகமானோர் போகவேண்டும். போகும் முறை மாறவேண்டும்.

படகு அதைச் செலுத்துபவனுக்குச் சொந்தமாகவேண்டும். திருகோணமலையிலும் மிரிஸ்ஸவிலும் கற்பிட்டியிலும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் இத்தொழிலை ஏற்று நடத்தட்டும். எத்தனை படகு, எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் என்பதை அவர்களும் ஆய்வாளரும் சேர்ந்து தீர்மானிக்கட்டும். கண்டாலும் காணாவிட்டாலும் படகோட்டியின் கூலி ஒன்றாக இருக்கட்டும்; அவ்வொரு விதி வந்தாலே துரத்தலில் பாதி நின்றுவிடும். சோழகக் காலத்தில் நீர்கொழும்பிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் கிழக்குக் கரைக்கு வந்து வாடியமைக்கும் மீனவருக்கும் உள்ளூர் மீனவருக்குமிடையே கடலைப் பற்றி ஏற்கெனவே பல பிணக்குகள் உண்டு. புதிய வருவாய் புதிய பிணக்காகாதபடி இரு மொழியாரும் ஒரே சங்கத்தில் அமர்வது அவசியம். கப்பற் பாதையை நகர்த்தும் கோரிக்கையை ஆசிரியர் சங்கங்களும் துறைமுகத் தொழிற்சங்கங்களும் தம் தீர்மானங்களில் சேர்க்கவேண்டும். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கி மேற்குக் கரையை நஞ்சாக்கியபோது முதலில் தொழிலிழந்தவன் மீனவன். திமிங்கிலத்தை மோதும் கப்பலும் மீனவனின் கடலை நாசமாக்கும் கப்பலும் வெவ்வேறு உலகத்துக்குரியவை அல்ல.

இவையெல்லாம் உடனே நிறைவேறுவன அல்ல என்பதை அறிவோம். இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்குப் படகும் வேண்டாம், டொலரும் வேண்டாம். திருகோணமலையில் கடல் கரைக்கு மிக அருகிலேயே ஆழமாகிவிடுகின்றது. கடற்படுகையின் பெரும் பள்ளத்தாக்கு ஒன்று துறைமுக வாயில்வரை வந்து நிற்கின்றது. அதனால் பருவகாலத்தில், அதிர்ஷ்டமிருந்தால், சுவாமி மலையின் உச்சியில் நின்றே திமிங்கிலத்தின் மூச்சைக் காணலாம். கோணேசர் கோயிலுக்கு வரும் அடியாரும், கடலை விற்கும் சிறுவனும், காவல்நிற்கும் சிப்பாயும் அதை ஒரே விலைக்குக் காண்கின்றனர். அதாவது விலையின்றிக் காண்கின்றனர். அங்கிருந்து யாரும் அதைத் துரத்த முடியாது. வருமானால் காணலாம், வராவிடில் காத்திருக்கலாம்.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த விடுமுறைக்கு முன்னர் ஒரு வகுப்பு மாணவரை அங்கே அழைத்துச் செல்லுங்கள். ஒரு தொலைநோக்கியும் ஒரு குறிப்பேடும் போதும். நாள், நேரம், காற்று, மூச்சின் உயரம், சென்ற திசை என அவர்கள் எழுதட்டும். அருகில் முதிய மீனவர் ஒருவர் இருப்பின் அவரையும் அமரச்செய்து, அவர் சொல்வதையும் எழுதட்டும். அக்குறிப்பேடு நம் கடலைப் பற்றி நம் மொழியில் எழுதப்படும் நூலின் முதற் பக்கமாகும்.

அன்று படகில் நாம் கேட்கத் தவறிய அந்த இளைஞரின் சொல்லை அவர்களுக்கு முதற் பாடமாகச் சொல்லிக்கொடுப்போம்: இயந்திரத்தை நிறுத்திவிட்டு நின்றால், அதுவாய் வரும்.